மாத்தளைக்கு அப்பால் மெல்லப் போங்கள்

தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வருகிற நம் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் வீட்டில் இருப்பார்கள். மூன்றாம் நாள் விடியுமுன்னே டயகமவில் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கிவிடும். ஜெர்க்கின், கையுறை, பின்னால் கட்டிய பை. எங்கே என்று கேட்டால் “யாழ்ப்பாணம் ட்ரிப்” என்பார்கள். அக்கரப்பத்தனை, லிந்துலை, நானுஓயா, நுவரெலியா, இறம்பொடை, புசல்லாவ, கம்பளை என்று இறங்கிக் கண்டியில் ஏ9 வீதியைப் பிடித்தால், அங்கிருந்து யாழ்ப்பாணம் 320 கிலோமீற்றர் சொச்சம். பொழுது சாய்வதற்குள் நல்லூரில் நின்று படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

போகட்டும். இந்த வயதில் போகாமல் எப்போது போவது? எங்கள் இளமையில் அந்த வீதி எங்களுக்கு இருக்கவில்லை. போர்க்காலத்தில் ஏ9 ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2002இல் திறந்தார்கள், 2006இல் மறுபடி மூடினார்கள், போர் முடிந்த பிறகுதான் முழுமையாகத் திறந்தது. அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பையன் சோதனைச் சாவடியில் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்தப் பயம் இல்லாமல் ஒரு பிள்ளை வடக்கே வண்டி ஓட்டுகிறான் என்றால் எனக்கு மனம் நிறைகிறது.

ஆனால் அவர்கள் எந்தப் பாதையில் போகிறார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மலை முழுவதும் கோப்பி ஏறியது. அதற்கு ஆள் வேண்டியிருந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துப் பஞ்சம் ஆளைத் தள்ளிவிட்டது. ஆள் சேர்த்த கங்காணியின் முன்பணக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாக்கு நீரிணையைத் தோணியில் கடந்தார்கள். மன்னார்க் கரையில் தலைமன்னார், அரிப்பு போன்ற இடங்களில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை. இன்றைய ஏ14 வீதியும், மதவாச்சிக்குத் தெற்கே ஏ9 வீதியும் ஏறத்தாழ அந்த நடைபாதையை ஒட்டித்தான் கிடக்கின்றன. வாந்திபேதி, அம்மை, வயிற்றுளைச்சல், வறண்ட காட்டின் மலேரியாக் காய்ச்சல் என்று எத்தனையோ நோய்களில் வழியிலேயே விழுந்தார்கள். நடக்க முடியாதவர்களைக் கூட்டம் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. 1840களில் வழியிலும் தோட்டத்திலுமாக 70,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை 1849இல் எழுதியது. அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எண் எதுவானாலும், வீதியோரத்தில் அவர்களுக்கு ஒரு கல்லறையும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. கோப்பி பருவத்துப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு வந்து, முடிந்ததும் அதே காட்டு வழியில் திரும்பி நடந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். அதன் பிறகுதான் நம் குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் ரயிலும் இணைந்தன. அதற்குப் பிந்தியவர்களுக்குக் கால் தப்பியது, கடன் தப்பவில்லை.

பிறகு அதே தலைமன்னார் வழியே வெளியேறினோம். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவிட்டது. தலவாக்கலையிலும் ஹட்டனிலும் ரயில் ஏறியவர்களை வழியனுப்பப் போன சனத்தின் ஒப்பாரி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு பெட்டியில் அண்ணன், பிளாட்பாரத்தில் தம்பி. போர் வெடித்த 1980களில் கப்பலும் நின்றுபோனது.

போன வருடம் பேரனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் அந்த வழியில் போனேன். மதவாச்சியில் எல்லாரும் நேரே வவுனியாவுக்கு ஓட, நாங்கள் இடப்பக்கம் ஏ14இல் திரும்பினோம். மடு வீதிச் சந்திக்கு முன்னே ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். பகல் பன்னிரண்டு. காலையில் டயகமவில் பனிக்குப் போட்ட ஜெர்க்கினைத் தம்புள்ளையிலேயே கழற்றிவிட்டான். இப்போது சட்டைப் பித்தானும் திறந்தது. என்ஜின் அணைந்ததும் வெயிலின் இரைச்சல் கேட்டது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. ரோட்டோரச் செம்மண்ணில் செருப்பு வைத்தால் சூடு உள்ளே ஏறியது. அவன் ஒரு போத்தல் தண்ணீரை நின்ற நிலையில் முடித்துவிட்டு, அடுத்த கடை எங்கே என்று போனில் தேடினான். தேடிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “இதுல நடந்தா வந்தாங்க தாத்தா?” என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் இருநூறு வருட வரலாறு என்று படித்தவன்தான். ஆனால் நின்ற பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் இன்னொரு காடாகப் பின்னால் போயிருக்கும்.

2023இல் அந்த இருநூறாம் ஆண்டை நினைத்து நம் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளை வந்து சேர்ந்தார்கள். 250 கிலோமீற்றருக்குப் பதினாறு நாள். நல்ல தார் ரோட்டில், தண்ணீரும் வைத்தியமும் கூடவே வர, அத்தனை நாள். பிள்ளைகளே, உங்கள் வண்டிக்கு அது ஐந்தாறு மணி நேரம். அந்த ஐந்தாறு மணி நேரத்தைத்தான் நீங்கள் இரண்டு நாளாக நீட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

வேகத்தைப் பற்றிக் கிழவன் சொன்னால் கசக்கும், தெரியும். இருந்தாலும் கேளுங்கள். நம் மலை ரோட்டில் வளைவே உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. தம்புள்ளை தாண்டி ரோடு நேராகிவிட்டால் வளைவுக்குப் பழகிய கை அக்சிலேட்டரை முழுதாக முறுக்குகிறது. குறுக்கே மாடு வரும், குளத்துப் பக்கத்திலிருந்து லேண்ட் மாஸ்டர் ஏறும், இருட்டினால் யானை நிற்கும். பொழுது சாய்ந்த பிறகு ஏ14இல் ஓட்டாதீர்கள். பின்னால் இருக்கிறவனுக்கும் ஹெல்மட் போடுங்கள். அந்த வண்டியின் லீசிங் தவணையில் உங்கள் அம்மா மழையில் நின்று வாங்கிய முழுப்பேர்கள், முழுநாள் சம்பளங்கள், இருக்கின்றன.

நிற்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்: நடந்து வந்த சனம் உயிரோடு மலையடிவாரம் சேர்ந்தோம் என்று கும்பிட்ட தாய். மடு மாதா கோயில்: நம் தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆவணித் திருநாளுக்கு இன்றைக்கும் போகிற இடம். முருங்கனுக்குப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம்: காடு முடிந்து தண்ணீர் கண்ணில் படும். கடைசியில் தலைமன்னாரின் பழைய இறங்குதுறை. மன்னார் நகரில் இரவு தங்கி, காலையில் திரும்புங்கள். திரும்பும்போது தென்கிழக்காக, அவர்கள் வந்த திசையிலேயே வருவீர்கள். கம்பளைக்கு மேலே குளிர் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் வேண்டுமானால் ஜெர்க்கினை மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு வீட்டில் இருக்கிற ஆகப் பெரியவரிடம் உட்காருங்கள். எந்த ஜில்லா, எந்த ஊர், எந்தக் கங்காணி கூட்டி வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார்கள், ஒப்பந்தத்தில் யார் யார் அக்கரைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி, கொப்பியில் எழுதினாலும் சரி. என் வயதுக்காரர்களுக்கு இன்னும் பாதி ஞாபகம் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கே கேட்டுவிடுங்கள்.