சும்மா வந்த ஐபோன்... பல் பிடித்துப் பார்த்தோம்!

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர். வாழையும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் என் செல்போனும் ஓர் ஆள் வேலை பார்க்கிறது. 2019-ல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். இப்போதெல்லாம் மதியம் 3 மணிக்கே சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. பேங்க் ஆப்பும், ‘இந்த போனில் இனி வேலை செய்யாது’ என்று சொல்லிவிட்டது.

விஷயம் தெரிந்து, திருப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் தன்னுடைய பழைய ஐபோன் 13-ஐக் கொண்டுவந்து நீட்டினான். “மாமா, காசெல்லாம் வேண்டாமுங்க. போட்டோ நல்லா விழும். அப்டேட்டும் இன்னும் வந்துட்டிருக்குது. வெச்சுக்கோங்க” என்றான்.

தானம் வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால், கட்டித் தீனி போடப்போவது நாம்தானே? “ஏனுங்க, இந்த போன்ல நாம என்னென்ன செய்யறோம்னு ஒரு வாரம் எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமுங்க” என்றாள் என் மனைவி. பகலில் போன் என்னிடம், சாயங்காலம் அவளிடம். அதனால், பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பேருமே எழுதினோம்.

முதலில் வந்தது சிம். என் போனில் இரண்டு சிம் கார்டுகள். ஒன்று, பேங்க், ஆதார், பி.எம் கிசான் எல்லாவற்றிலும் கொடுத்திருக்கும் நம்பர். இன்னொன்று, தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் நம்பர். இந்தியாவில் விற்கிற ஐபோன் 13-ல் ஒரு சிம் கார்டுதான் போட முடியும். இரண்டாவது நம்பரை, கார்டே இல்லாத ‘இ-சிம்’ ஆக மாற்ற வேண்டும். போன் வாய்க்காலில் விழுந்துவிட்டால், சாதாரண சிம்மைக் கழற்றி பட்டன் போனில் போட்டுப் பேசலாம். இ-சிம்மை அப்படிக் கழற்ற முடியாது.

அடுத்தது மோட்டார். போன் கால், எஸ்.எம்.எஸ் மூலம் ஓடும் ஸ்டார்ட்டராக இருந்தால் எந்த போனாக இருந்தாலும் கவலையில்லை. எங்களுடையது ஆப்பில் ஓடுவது. மாட்டிக் கொடுத்தவர் அந்த ஆப்பை ‘ஏ.பி.கே’ ஃபைலாக வாட்ஸ்அப்பில்தான் அனுப்பியிருந்தார். ஏ.பி.கே ஃபைல் ஐபோனில் ஏறாது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் தேடினோம். அங்கேயும் அது இல்லை.

மூன்றாவது வாட்ஸ்அப். வாழைத்தார் வியாபாரி விலை பேசியது, பாக்கி எவ்வளவு என்று சொன்னது எல்லாம் வாய்ஸ் மெசேஜாக இருக்கிறது. எங்களுக்கு அதுதான் ரசீது. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவில் சேமித்த வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோன் எடுத்துக்கொள்ளாது. ‘மூவ் டு ஐ.ஓ.எஸ்’ என்ற ஆப் வழியாகக் கொண்டுபோகலாம். ஆனால், ஐபோனை முழுதாக அழித்துவிட்டு, முதல்முறை ஆன் செய்யும்போதே அதைச் செய்ய வேண்டும். மெமரி கார்டு போடவும் ஐபோனில் இடமில்லை. கார்டில் உள்ள போட்டோக்களைத் தனியாக மாற்ற வேண்டும்.

ஐபோன் பக்கமும் நியாயம் உண்டு. இலையில் விழுந்த புள்ளியை அது எடுத்த படத்தில் அவ்வளவு தெளிவு. யு.பி.ஐ ஆப்களும் இரண்டிலுமே ஓடுகின்றன. ஆனால், செட்டிங்ஸில் ‘பேட்டரி ஹெல்த்’ 79 சதவிகிதம் காட்டியது. 80-க்குக் கீழே வந்தால் பேட்டரி மாற்ற வேண்டிய நேரம். ஆக, சும்மா வந்ததற்கும் செலவு இருக்கிறது.

கடைசியில் மோட்டாரும் சிம்மும்தான் முடிவைச் சொன்னது. ராத்திரி மும்முனை கரன்ட் வரும்போது எழுந்துபோய்த் தோட்டத்தில் நிற்காமல் இருப்பதற்குத்தானே அந்த ஸ்டார்ட்டரே மாட்டினோம்? ஐபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாழைத்தார் பணத்தில் 13,500 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு போனே வாங்கினோம். மருமகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நோட்டைக் காட்டியதும், “இதெல்லாம் எனக்குத் தோணவே இல்லீங்க மாமா” என்றான். ஒரே சிம், மோட்டார் ஆப் கிடையாது என்றிருக்கும் வீட்டுக்கு அந்த ஐபோன் நல்ல போன்தான். எங்கள் வீட்டுக்குத்தான் ஒத்துவரவில்லை.

போன் மாற்ற நினைப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் சொல்கிறேன். எந்த போனுக்கு மாறினாலும், அந்த போனில் யு.பி.ஐ ஆப், பேங்க் ஆப்களை சிம் வழியாக மறுபடி பதிவுசெய்ய வேண்டும். அதனால், சந்தை நாளில் மாற்றாதீர்கள். பழைய ஐபோன் வாங்கினால், முதலில் வைத்திருந்தவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபைண்ட் மை’யை நிறுத்தியிருக்கிறாரா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூட்டிக்கொள்ளும். முக்கியமாக, புது போனில் எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கப் பதினைந்து நாள்களாவது பழைய போனை அழிக்காமல் வைத்திருங்கள்.