படிக்கட்டின் கீழே கிடந்த முரசு

கடலோரப் பங்குகளில் பணியாற்றிய எவருக்கும் உப்புக்காற்றின் வலிமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கீலும் பூட்டும் மட்டுமன்று, பலிபீடத்து மெழுகுதிரித் தண்டுகளும் அதற்குத் தப்புவதில்லை. 2023ஆம் ஆண்டு இப்பங்கிற்கு நான் பங்குக் குருவாக வந்தேன். திரும்பி வந்தேன் என்பதே பொருத்தம். 1997இல் குருப்பட்டம் பெற்றதும் முதன்முதலில் உதவிப் பங்குக் குருவாக நான் அனுப்பப்பட்டதும் இவ்வூருக்கேதான்.

வந்த மறுவாரம், பாடற்குழு மாடத்திற்கு ஏறும் படிகளின் கீழிருந்த அறையைக் கோயில்பிள்ளையும் நானும் திறந்தோம். கையுடைந்த சுரூபங்கள், கிறிஸ்மஸ் குடிலின் மூங்கில்கள், சப்பரக் குடையின் கம்பிகள். அவற்றிற்கெல்லாம் பின்னால், சாக்கு போர்த்தப்பட்டு ஒரு டிரம்ஸ் கிடந்தது. இது யாருடையது என்று நான் வினவவில்லை. அதனை அங்கே வைக்கச் சொன்னவனே நான்தான்.

கப்பலில் வேலை பார்த்த இவ்வூர் அன்பர் ஒருவர் கொழும்பில் அதனை வாங்கி, 1971இல் ஆலயத்திற்கு அளித்தாராம். செய்தவர் பெயர் தேய்ந்துபோய், இங்கிலாந்தில் செய்யப்பட்டது என்னும் எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன. காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு ஒன்று, சிறியவை மூன்று, கம்பிச் சுருள்கள் அடியில் அதிரும் தட்டை முரசு ஒன்று, வெண்கலத் தாளத் தட்டுகள் இரண்டு. முன்பெல்லாம் இத்தனையையும் முழக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். 1909இல் சிக்காகோ நகரத்து லுட்விக் சகோதரர்கள் விரைந்தியங்கும் மிதிகட்டை ஒன்றை உருவாக்கிய பின்னரே ஒருவரே அமர்ந்து அனைத்தையும் வாசிப்பது எளிதாயிற்று. எங்கள் ஊரில் அந்த ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்றழைக்கும் மீனவர். இருபது வயதில் அதன் முன் அமர்ந்தவர், இருபத்தேழு ஆண்டுகள் எழவில்லை.

1998இல் எழுப்பியவன் நான். குருமடத்தில் கற்றது சூடு ஆறாதிருந்த காலம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு வெளியிட்ட மடலில் முரசையும் தாளத்தையும் ஆலயத்தில் விலக்கியிருப்பது எனக்கு மனப்பாடம். 1963இல் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏடு, ஆலயத்தின் மாண்புக்கு ஒத்த பிற கருவிகளை உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்கலாம் என்று வாயிலைத் திறந்ததும் தெரியும். எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓசை மிகுந்திருந்தது உண்மை. மன்றாட்டு மாலையை முரசு விழுங்கிய நாள்கள் உண்டு. என் முடிவு முற்றிலும் தவறு என்று இன்றும் நான் கருதவில்லை. சொன்ன முறைதான் தவறு. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மாடத்தின் மேலேயே, பாடற்குழுச் சிறுவர்கள் சூழ்ந்து நிற்க, “இது கோயில், கலியாண வீடு அன்று. இன்றோடு இது போதும்” என்றேன். என் தந்தையின் வயதை நெருங்கியவர். குச்சிகளை மெதுவாக வைத்துவிட்டு, “சரி சாமி” என்றார்.

பிறகு மின்னணு இசைப்பெட்டி ஒன்று வாங்கினோம். பொத்தானை அழுத்தினால் தாளத்தையும் அதுவே போடும். அதிலிருந்து வந்ததும் டிரம்ஸ் ஓசைதான் என்பது அன்று ஏனோ எனக்கு உறைக்கவில்லை! அண்ணாச்சி பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசித் தூணருகே நிற்பார், நன்மை வாங்கியதும் வெளியேறுவார். அவர் வாய் திறந்து பாடியதை அதன்பின் எவரும் கண்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து நான் திரும்பி வந்தபோதும் அதே தூணருகே நின்றார்.

2024ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் அதனைச் செப்பனிடத் தொடங்கினேன். நேரே அவரிடம் போய்ப் பேசுவதைவிட இரும்போடு மல்லுக்கட்டுவது எனக்கு எளிதாயிருந்தது என்பதே உண்மை. முலாம் பூசும் தொழிலாளி ஒருவர் வழி சொன்னார். பளபளக்கும் குரோமிய முலாம் மிக மெல்லியது. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. முலாமில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு. உப்பு ஈரம் அவற்றின் வழியே இறங்கி இரும்பைத் தின்ன, துரு பெருத்து மேலே கொப்புளிக்கிறது. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் முலாமும் போய்விடும். ஓட்டலில் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே முலாமைக் கீறாமல் துருவை மட்டும் சுரண்டும். பழுப்பு நீர் வழிய வழிய, வளையம் ஒன்றில் என் முகம் தெரிந்தபோது சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன். முலாம் உரிந்த இடங்களில் மட்டும் ஒன்றும் செய்ய இயலாது. எண்ணெய் தடவிக் காப்பதே வழி.

இறுகிய திருகாணிகளை மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறவைத்துக் குறடால் கழற்றினோம். அவசரத்தில் இரண்டின் சதுரத் தலைகள் மழுங்கின. காடியில் ஓர் இரவு போட்டால் துரு கரையும் என்று கேள்விப்பட்டு அனைத்தையும் ஒரே வாளியில் போட்டேன். இரும்புத் திருகாணிகள் நன்றாகவே வந்தன. ஆனால் அவற்றைத் தாங்கும் பக்கத்துண்டுகள் துத்தநாக வார்ப்பு. புளிப்பு அவற்றைக் கடித்து, ஆறு துண்டுகள் கறுத்துக் குழிவிழுந்து போயின. ஐம்பத்தாறு வயதிலும் அரைகுறை அறிவு என்னை விடவில்லை.

கிழிந்த தோல்களுக்குப் பதில் புதியவை வாங்கிப் பொருத்தினோம். இனி முறுக்கேற்ற வேண்டும். அதற்கென நாற்சதுரக் குழியுள்ள சிறு சாவி ஒன்று உண்டு. கடையில் வாங்கிய சாவி இப்பழைய தலைகளில் சரியாக அமரவில்லை. நான் கையைப் பிசைந்து நின்றபோது கோயில்பிள்ளை எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: “சாவி அண்ணாச்சிட்டதான் இருக்கும் சாமி.”

குருத்து ஞாயிறு மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து, “தோத்திரம் சாமி” என்று கைகுவித்தார். சாவியைக் கேட்டேன். உள்ளே போய், வீட்டுப் பீடத்தின் அடியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்துவந்தார். பழைய உத்தரியம் ஒன்றோடு சாவி கிடந்தது. எண்ணெய் மினுமினுத்தது. ஒரு பொட்டுத் துருவில்லை.

“அண்ணாச்சி, அன்றைக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“அத விடுங்க சாமி. தோல ஒரு பக்கமாவே முறுக்கிட்டியளோ?”

விடுவதற்கில்லை என்றேன். சிறுவர்கள் முன்னிலையில் சொன்னதை அவர்கள் முன்னிலையில்தான் திரும்பப் பெறவேண்டும். புதன்கிழமை பாடல் பயிற்சிக்கு வரவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தார். அன்றையச் சிறுவர்களில் மூவர் இன்று குடும்பஸ்தர்கள். ஒருவர்தாம் பாடற்குழுவை நடத்துகிறவர். அவர்களும் புதிய பிள்ளைகளும் நிற்க, நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மறையுரைகளில் வராத நடுக்கம் அன்று என் குரலில் வந்தது. அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, கறுத்த துண்டுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதப் புளிச்ச தண்ணில போட்டது யாரு?”

“நான்தான்.”

“ம்” என்றார். பிள்ளைகளில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு அமர்ந்து சாவியைப் பூட்டினார். ஒரு திருகாணியில் அரைச்சுற்று, அடுத்து அதன் நேர் எதிரில் உள்ளதில் அரைச்சுற்று. வரிசையாக முறுக்கினால் தோல் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுமாம். ஒவ்வொன்றின் அருகிலும் விரலால் தட்டிக் காதைக் கொடுத்தார். தாளத் தட்டுகளைப் புளி போட்டு விளக்க முனைந்த கோயில்பிள்ளையைத் தடுத்து, அந்தக் கறுப்பு இருந்தால்தான் குரல் கனியும் என்றார். அது மெய்யோ அன்றோ, அவர் சொல்லுக்கு மேல் அங்கே சொல்லில்லை.

இடக்கையில் முடக்குவாதம், குச்சி நிற்காது. மார்ச் 31 விடியுமுன், பாஸ்குத் திருவிழிப்பில், பெரிய வியாழன் முதல் மௌனமாயிருந்த மணிகள் ஒலித்து வானவர் கீதம் தொடங்கியபோது, வலக்கையாலும் மிதிகட்டையாலும் மட்டுமே வாசித்தார். பாடலை விழுங்காத அளவில்தான் வாசித்தார். முதலிரண்டு அடிகள் சற்றே பின்தங்கின, பிறகு சேர்ந்துகொண்டன. பீடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது.

பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பியபின் மாடத்திற்கு ஏறினேன். வளையங்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உப்புக் காத்து சாமி. விட்டா ஒரு வாரத்துல ஏறிரும்.”

துணியை மடித்து வைத்துவிட்டு, சாவியை மடியில் முடிந்துகொண்டு இறங்கினார். நான் அதனைக் கேட்கவில்லை.