தலைப்பில் ஓர் உம்மை

‘கழிவுநீர்த் தூய்மையாக்கமும் ஹைட்ரஜன் உற்பத்தியும்’ என்னும் இணைப்பு, நானோ கூட்டுப்பொருள் ஒளிவினையூக்கிகள் பற்றிய கட்டுரைத் தலைப்புகளில் அடிக்கடி தென்படுகிறது. மொழியியல் பயின்றவர் கண்ணில் முதலில் படுவது உம்மைதான். எண்ணும்மை இரு செயல்களையும் சமமாக நிறுத்துகிறது. வேதியியலில் அவை போட்டியாளர்கள்.

டைட்டானியம் டை ஆக்சைடின்மீது புற ஊதா ஒளி படும்போது ஓர் எலக்ட்ரான் விடுபட்டு, அதன் இடத்தில் ஒரு துளை எஞ்சுகிறது. துளை அழுக்கைச் சிதைக்கிறது. எலக்ட்ரானைக் காற்றின் ஆக்சிஜன் கைக்கொண்டால் தூய்மையாக்கம் விரைவுபெறும். நீரின் புரோட்டான் கைக்கொண்டால் ஹைட்ரஜன் பிறக்கும். எனவே ஹைட்ரஜன் வேண்டுவோர் கலனிலிருந்து காற்றை அகற்றுகின்றனர். தூய்மை வேண்டுவோர் காற்றைச் செலுத்துகின்றனர். ஆக்சிஜன் இல்லாத கலனில் இரண்டும் சேர்ந்து நிகழக்கூடும் என்பது உண்மையே. ஆனால் அங்கே அழுக்கு முழுமையாகச் சிதைவது பெரும்பாலும் மந்தப்படுகிறது. தலைப்பு இதைச் சொல்வதில்லை.

ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயைக் கொண்டு ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டினர். அதே சேர்மத்தை, வண்ணப்பூச்சுத் தொழிலுக்காக, சாலைக் கடைத்தெருவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை இல்மனைட்டிலிருந்து தயாரித்து வருகிறது. அவ்வாலையின் அமிலக் கழிவு நெடுங்காலம் வேளிக் கடலில் கலந்தது. நீரைத் தூய்மையாக்கும் பொருளும் ஒரு கழிவின் வழியாகவே நம்மை வந்தடைகிறது.

அனட்டேஸ் வகைக்கு 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சூரிய ஒளியில் அதற்குப் பயன்படும் புற ஊதாப் பகுதி ஏறத்தாழ 5 விழுக்காடே. கட்புல ஒளியையும் பயன்படுத்தவே கார்பன் நைட்ரைடு, காட்மியம் சல்பைடு முதலியவற்றை இணைத்துக் கூட்டுப்பொருள் ஆக்குகின்றனர். (நீரைத் தூய்மையாக்கப் புறப்பட்டவர், ஒளியில் தானே அரிக்கப்படும் காட்மியச் சேர்மத்தை நாடுவது எனக்கு விளங்கவில்லை.)

சோதனைகளிலோ பெரும்பாலும் தெளிந்த நீரில் கரைத்த மெத்திலீன் நீலம். சாலைக்கு அருகே ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டின் நீர் அத்தகையதன்று. கலங்கலும் ஞெகிழியும் நிறைந்த அதனுள் ஒளி ஆழமாக இறங்காது. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவர் அந்நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

வேதியியல் நண்பர்களே, எந்த நீரில், ஆக்சிஜன் இருந்த கலனிலா இல்லாத கலனிலா சோதித்தீர்கள் என்பதை ஆய்வுச் சுருக்கத்தின் முதல் தொடரிலேயே எழுத இயலாதா?