நாலடி உயரம்

நாடகம் பிரம்மாண்டமாக இருக்க வேண்டுமா, கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டுமா என்று இளைஞர்கள் வாதாடுவதைக் கேட்கிறேன். எங்கள் பெரியவர்களுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியின் ‘தசாவதார’த்தையும், ஆர்.எஸ்.மனோகரின் ‘இலங்கேஸ்வர’னையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் செட்டிங்ஸிலும் தந்திரக் காட்சிகளிலும்தான் வந்து நிற்பார்கள். பிறகு காற்று மாறியது. புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தில் மனம் பறிகொடுத்த ந.முத்துசாமி 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1980-ல் வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்துக்கு வந்து பயிற்சி கொடுத்தார். மேடை, திரை, விளக்கு எதுவும் வேண்டாம், ஆளும் ஆளும் இருந்தால் போதும் என்பது அவர் கட்சி.

எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. திருவள்ளூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா பார்த்து வளர்ந்தவன் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிப்டு விட்டு நேராகக் கூத்துக்குப் போனால், கோமாளி கட்டியக்காரன் களத்தில் இறங்கும் நேரம் சரியாக இருக்கும். வெறும் தரைதான் களம். இரண்டு பேர் பிடிக்கும் ஒரு துணிதான் திரை. முகவீணை எடுத்ததும், எண்ணெய்ச் சட்டையோடு நிற்கிற எங்களைப் பார்த்து, “இன்னாப்பா, சம்பளம் வந்துச்சா? கான்ட்ராக்டர் அடுத்த வாரம்னுட்டானா?” என்பான். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார்ப் பையன்களும் சிரிப்பார்கள். கான்ட்ராக்டர் என்ற சொல் ஒன்று போதாதா!

அதே திருவிழாவில்தான் படுகளமும். ஊரே நடந்து ஏறலாம் போல, மல்லாந்து கிடக்கும் மண் துரியோதனன். தொடைக்குள் சிவப்பு நீர் நிரப்பிய குடத்தைப் புதைத்திருப்பார்கள். பீமன் அதை உடைத்ததும் பாஞ்சாலி கூந்தலில் தடவி முடிவாள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப்போய் நெற்குதிரில் போடச் சனம் முண்டியடிக்கும். மனோகர் செட்டுக்கு இது எதில் குறைச்சல்? ஆனால் எல்லாரும் தொட்டுவிடலாம்.

சில ஊர்களில் பிறகு சிமென்ட் மேடை கட்டினார்கள், நாலடி உயரம். நல்லெண்ணம்தான். அன்றைக்குக் கட்டியக்காரன் மைக்குக்குக் கட்டுப்பட்டான். முன்வரிசைப் பிள்ளையிடம் அவன் கேட்கிற கேள்வி நின்றுபோனது. அளவு கெடுக்கவில்லை, அந்த நாலடிதான் கெடுத்தது. ஆயிரம் பேரைக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்கிறவரும் பந்திக்கு வந்து “சாப்பிட்டீங்களா” என்று கேட்டுவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது. மேடை சோபாவை விட்டு இறங்காதவரைத்தான் ஊர் பேசும்.

அந்த நாலடி இல்லாத இன்னொரு களமும் நினைவுக்கு வருகிறது. டெல்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தும் நம் சிப்காட் போலத் தொழிற்பேட்டைதான். 1989 ஜனவரி 1-ஆம் தேதி அங்கே ஜண்டாபூரில் சஃப்தர் ஹாஷ்மியின் குழு தொழிலாளர் நடுவே தெருநாடகம் போட்டது. நடிகரும் பார்ப்பவரும் ஒரே மண்ணில். நடுவில் குண்டர்கள் புகுந்து அடித்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி செத்தார். மறுநாள் ஹாஷ்மியும் போய்விட்டார், வயது 34. ஜனவரி 4-ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். பார்க்க ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அன்றைக்கும் மேடை கிடையாது.