பெரியப்பாவின் திலீப் குமார்

திலீப் குமார் என்ற நடிகரை எனக்கு அறிமுகம் செய்து வைத்தவர் என் பெரியப்பா. அவருக்கு ஹிந்தி தெரியாது. பம்பாயைப் பார்த்ததும் கிடையாது. ஆரணியில் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் பட்டுச் சேலை நெய்தவர். ஆனாலும் திலீப் குமாரைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், இரண்டு பேரும் கமண்டல நாகநதி மணலில் கோலி விளையாடி வளர்ந்தவர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் தறியில் பக்கத்தில் உட்கார வேண்டும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா உண்டு. உடம்புக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. ஒரு கரையின் நாடாவைப் போட்டுக் கொடுக்கக் கூட ஓர் ஆள் தேவை. அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பையனாகத்தான் இருப்பான். பையன் தூங்கி வழிந்தால் கரை கெட்டுவிடும். பையன் தூங்காமல் இருப்பதற்குப் பெரியப்பா கண்டுபிடித்த மருந்து சினிமாக் கதை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் ராமாயணம் கேட்டார்கள். நான் 'பாட்டாளியின் சபதம்' கேட்டேன்.

பி. ஆர். சோப்ரா 1957-ல் ஹிந்தியில் எடுத்த 'நயா தௌர்' என்ற படத்துக்குத் தமிழ்ப் பேச்சைச் சேர்த்து, மறு வருஷம் அந்தப் பெயரில் வெளியிட்டார்கள். பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடு கட்டி, அதன் மேல் உட்கார்ந்து நான்கு முறை பார்த்தாராம். கதை இதுதான்: ஒரு கிராமம். மரம் அறுப்பவர்களும் குதிரை வண்டிக்காரர்களும் அங்கே பிழைக்கிறார்கள். முதலாளியின் மகன் பட்டணத்திலிருந்து வருகிறான். அறுக்கும் இடத்தில் இயந்திரம் வைக்கிறான். ஆட்களுக்கு வேலை போகிறது. பிறகு பஸ் விடுகிறான். வண்டிக்காரர்களின் வாயில் மண் விழுகிறது. வண்டிக்காரனாக வரும் திலீப் குமார், என் குதிரை உன் பஸ்ஸை ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். ஜெயித்தும் விடுகிறார்.

பந்தயக் கட்டம் வந்ததும் குதிரையின் குளம்புச் சத்தத்தைப் பெரியப்பா மிதிபலகையிலேயே போட்டுக் காட்டுவார். எனக்குத் தூக்கம் பறந்துவிடும். சேலையும் அன்று ஒரு சாண் கூடுதலாக வளர்ந்திருக்கும்.

வயது வந்த பிறகு அந்த நடிகரைப் பற்றி நானே படித்துத் தெரிந்து கொண்டேன். 1922-ல் பெஷாவரில் பிறந்தவர். யூசுப் கான் என்பது சொந்தப் பெயர். தகப்பனார் பழ வியாபாரி. பம்பாய் டாக்கீஸ் தேவிகா ராணிதான் பெயரை மாற்றிப் படத்தில் சேர்த்தார். 1944-ல் வந்த முதல் படம் 'ஜ்வார் பாட்டா' எடுபடவில்லை. மூன்று வருஷம் கழித்து 'ஜுக்னு' ஓடியது. 1949-ல் 'அந்தாஸ்', 1951-ல் 'தீதார்', 1955-ல் 'தேவதாஸ்' என்று வரிசையாகத் துயரப் பாத்திரங்கள். நாடக மேடையின் கணீர்க் குரல் சினிமாவிலும் ஆட்சி செய்துகொண்டிருந்த காலத்தில், பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் பேசியவர் அவர். வசனத்தின் நடுவில் நிறுத்திவிடுவார். அந்த மௌனத்தை ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள்.

சோகம் நடித்து நடித்து மனசே பாரமாகிவிட்டது. லண்டனில் ஒரு மனநோய் வைத்தியரைப் பார்த்தபோது, கொஞ்ச நாளைக்குச் சிரிக்கிற வேஷம் போடுங்கள் என்று அவர் சொன்னாராம். அந்தச் சிரிப்புக்கு வழி பிறந்த இடம் நம் கோயமுத்தூர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சின்னப் பெருமை. நாமக்கல் கவிஞரின் கதையை எம்.ஜி.ஆரை வைத்து 'மலைக்கள்ளன்' என்று 1954-ல் எடுத்தது பக்ஷிராஜா ஸ்டூடியோ. அதையே ஸ்ரீராமுலு நாயுடு ஹிந்தியில் 'ஆஸாத்' ஆக்கினார். திலீப் குமார் குதிரை ஏறினார், மாறுவேஷம் போட்டார், சிரித்தார். பிறகு வாசனின் ஜெமினிக்கு 'இன்ஸானியத்', 'பைகாம்' என்று இரண்டு படங்கள். 1967-ல் சென்னையில் நாகி ரெட்டி எடுத்த 'ராம் அவுர் ஷ்யாம்' வந்தது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யாக நாம் பார்த்த அதே கதை. பிலிம்பேர் பத்திரிகை சிறந்த நடிகருக்கென்று அவருக்குக் கொடுத்த எட்டுப் பரிசுகளில் 'ஆஸாத்' ஒன்று, 'ராம் அவுர் ஷ்யாம்' ஒன்று.

இதையெல்லாம் ஒரு நாள் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தறியிலிருந்த மயில்கழுத்துச் சேலையைத் தூக்கிப் பிடித்து, "பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். ஒண்ணு மட்டும் இருந்தா இந்த மினுமினுப்பு வருமாடா?" என்றார். விமரிசகர்கள் பத்துப் பக்கத்தில் சொல்வதை அவர் அதோடு முடித்துவிட்டார்.

அவரை மிகவும் கவர்ந்த விஷயம் வேறு. 1944 முதல் 1998-ல் வந்த 'கிலா' வரை ஐம்பத்து நாலு வருஷத்தில் திலீப் குமார் நடித்தது அறுபது படங்களுக்குச் சற்று முன்பின். நம் சிவாஜி கணேசன் முந்நூறை நெருங்கினார் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு சொற்பம் என்று தெரியும். 1976-க்குப் பிறகு ஐந்து வருஷம் அவருக்குப் படமே வெளிவரவில்லை. 1981-ல் வயதானவராகத் திரும்பி வந்து, மறு வருஷம் 'சக்தி'யில் அமிதாப் பச்சனுக்குத் தகப்பனாக நடித்து எட்டாவது பரிசை வாங்கினார். 'கோஹினூர்' படத்தில் ஒரு பாட்டுக்காக சிதார் பழகினார். காதில் விழுவது வேறொரு வித்வானின் வாசிப்புத்தான். ஆனால் திரையில் தெரியும் விரல் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

"அவன் கைத்தறிக்காரன்டா" என்பார் பெரியப்பா. "ஒரு சேலைக்குப் பத்து நாள், பன்னெண்டு நாள் ஆகும். ஆவட்டுமே!"

இப்படிப்பட்ட வீட்டில்தான் சண்டை வந்தது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், ஒரு நாள் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஊருக்கு வெளியே விசைத்தறிக் கொட்டகை போட்டார். 1985-ல் மத்திய அரசு சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிச் சட்டம் செய்திருக்கிறது. சேலையும் அதில் உண்டு. ஆகவே அண்ணன் ஓட்டியது சட்டைத் துணி. பட்டையே தொடவில்லை. ஆனாலும் பெரியப்பா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம், "எம் புள்ளை பஸ் விட்டுட்டான்" என்றார்.

எழுதுகிறவன் ஒருவன் குடும்பத்தில் இருப்பது எப்போதுமே ஆபத்து. நான் அதை ஒரு சிறுகதையாக எழுதினேன். கிழவர் தறியில் உட்கார்ந்து நாடா எறிகிறார். மகன் மோட்டார் வாங்கிக்கொண்டு வருகிறான். கிழவர் தேவர். மகன் அசுரன். கதை நன்றாக இருப்பதாகப் பலர் கடிதம் எழுதினார்கள். அண்ணனும் படித்தார். கடிதம் எழுதவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வீட்டு விசேஷங்களில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

2021-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி காலையில் திலீப் குமார் மும்பையில் காலமானார். தொண்ணூற்றெட்டு வயது. நான் அப்போது ஆரணியில் இருந்தேன். கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். கல்யாணங்கள் சுருங்கிப் போனதால் சேலை விற்கவில்லை. பெரியப்பா வீட்டு மூன்று தறிகளில் இரண்டில் பாவு இல்லை. அண்ணனின் கொட்டகையும் பூட்டிக் கிடந்தது. குதிரையும் நின்றுவிட்டது, பஸ்ஸும் நின்றுவிட்டது.

டெலிவிஷனில் செய்தியைப் பார்த்த பெரியப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்க்க முடியுமாடா?" என்றார்.

தேடிப் பார்த்தேன். ஹிந்திப் படம்தான் கைபேசியில் அகப்பட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. பெரியப்பா 'ஆன்', 'வான ரதம்', 'பாட்டாளியின் சபதம்', 'அக்பர்' எல்லாவற்றையும் தமிழ் பேசித்தான் பார்த்திருந்தார். புரியாத பாஷையில் அவனைப் பார்க்க மாட்டேன் என்பது அவர் விரதம். அறுபது வருஷத்துக்கு மேல் அவர் கொண்டாடிய நடிகரின் குரலை அவர் கேட்டதே இல்லை!

அண்ணன் உள்ளேயிருந்து வந்து, கைபேசியை வாங்கித் தறிக் கட்டையில் சாய்த்து வைத்தார். படம் ஓடத் தொடங்கியது. திலீப் குமார் வாயைத் திறந்தார். பெரியப்பா முன்னால் குனிந்தார்.

"இவ்வளவு மெதுவாவா பேசுவான்?"

"மெதுவாத்தான் பேசுவாரு, அப்பா" என்றார் அண்ணன்.

நூல் வாங்கப் பல தடவை சூரத்துக்குப் போய்வந்ததில் அண்ணனுக்கு ஹிந்தி நன்றாகப் பழகியிருந்தது. ஒவ்வொரு பேச்சாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பேசாமலிருந்த தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில், அந்த வண்டிக்காரன் பேசினான். பெரியப்பா ஒரு முறை, "அதுக்கு அவன் என்ன சொல்றான்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்து பல மாதங்களில் அவர் மகனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோன ஒன்று அந்தப் படத்தில் இருந்தது. பந்தயம் கடைசியில் சிறிது நேரம்தான். அதற்கு முன்னால் ஊர் ஜனங்கள் ரோடு போடுகிறார்கள். பஸ் போகிற பாதையில் குதிரை ஜெயிக்க முடியாது. குறுக்கு வழி வேண்டும். அதனால் ஆணும் பெண்ணும் கல் சுமக்கிறார்கள், பாலம் கட்டுகிறார்கள். கோபத்தில் அந்தப் பாலத்தைக் கெடுக்கப் போன சிநேகிதனே, கடைசியில் மனம் மாறி அதைத் தாங்கிப் பிடிக்கிறான்.

"இவ்வளவு நேரமா ரோடு போட்டாங்க?" என்று ஆச்சரியப்பட்டார் பெரியப்பா. மணல் மேட்டில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் குதிரையை மட்டும் பார்த்திருக்கிறான். அவன் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த நானும் குதிரையை மட்டும்தான் பார்த்தேன். இயந்திரத்தை ஒழித்துக் கட்டு என்று படம் சொல்லவும் இல்லை. அதுவும் இருக்கட்டும், இவர்களுக்கும் பிழைப்பு இருக்கட்டும் என்ற தொனியில்தான் முடிகிறது.

படம் முடிந்ததும் அண்ணன் கைபேசியை என்னிடம் கொடுத்தார். "நீ எழுதின கதையில ரேஸ் மட்டும்தான் இருந்தது. ரோடு இல்லையேடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திலீப் குமாரைப்போல மெதுவாகத்தான் சொன்னார். நெய்தவனுக்குக் கூலி போதாமல் போனதும், அண்ணன் மூன்று பெண்களைக் கரையேற்ற வேண்டியிருந்ததும், கொட்டகை வருமானத்தில்தான் பெரியப்பாவின் தறிக்குப் பாவு வாங்கிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. கதைக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டேன்.

பெரியப்பா இப்போது இல்லை. அந்த வீட்டில் ஒரு தறி இன்னும் ஓடுகிறது. அண்ணன் கூலி கொடுத்து ஆள் வைத்து ஓட்டுகிறார். லாபமா என்று கேட்டால் சிரிக்கிறார்.

அந்தச் சிறுகதையை என் தொகுதி எதிலும் நான் சேர்க்கவில்லை. ஆனால் அச்சில் வந்ததை அழிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதினேன். அண்ணன் பத்திரிகை படிப்பதை விட்டு வெகு நாளாயிற்று. அடுத்த முறை ஆரணிக்குப் போகும்போது நானே எடுத்துக்கொண்டு போய், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும்.