ஒரு வாயிலும் பல களஞ்சியங்களும்

கணினிக்குச் செய்நிரல் எழுதப் புகுவோர் தொடக்கத்திலேயே பயிலும் செயல்கள் நான்கு: கோப்பைத் திறத்தல், வாசித்தல், எழுதுதல், மூடுதல். 1970களில் யுனிக்ஸ் முறைமையை ஆக்கியோர் வட்டு, முனையம், அச்சுப்பொறி ஆகியவற்றையும் இச்செயல்களாலேயே கையாள வழிசெய்தனர். பின்னர் தொலைவிலுள்ள வட்டையும் அருகிலுள்ளதுபோல் அணுகும் தேவை எழுந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் அதற்கெனத் தம் முறைமையின் கருப்பகுதியில் ஒரு பொதுப்படையை அமைத்தனர். அதன் அமைப்பைக் கிளைமன் என்பார் 1986 இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

கருப்பகுதியில் உள்ள படையைச் சாதாரணச் செய்நிரலாளர் தம் விருப்பம்போல் விரித்தல் எளிதன்று. அக்குறையை நிரப்ப வந்தவையே மெய்நிகர் கோப்பு முறைமை நூலகங்கள். ஜாவா மொழிக்குரிய அப்பாச்சி கொமன்ஸ் வி.எவ்.எஸ். அவற்றுள் ஒன்று. நாம் கொடுக்கும் முகவரி உள்ளூர் வட்டைக் குறிப்பினும், சுருக்கிக் கட்டிய சிப் பொதியைக் குறிப்பினும், தொலைக் கணினியைக் குறிப்பினும், அந்நூலகம் ஒரே வகையான கோப்புப் பொருளையே நமக்குத் தருகின்றது.

பழைய சஞ்சிகைகளின் வருடிய பக்கங்களைப் பேணுதற்குச் சிறு செய்நிரலொன்றை எழுதியபோது இந்நூலகத்தை நான் கையாண்டேன். பக்கங்களிற் சில என் கணினியிலும், சில பொதிகளிலும், ஏனையவை தொலைவிலுள்ள சேவையகத்திலும் இருந்தன. மூன்று விதமாக எழுதவேண்டியதை ஒரே தடவையில் எழுதி முடிக்க முடிந்தமை பெரும் ஆறுதலாயிற்று. ஆயின், அப்பக்கங்களிற் பலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. திருத்திய பக்கமொன்றைச் சேமிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் என்ன நிகழும் என்னும் வினாவை முதலிலேயே எழுப்ப வேண்டியிருந்தது.

யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் இதற்கொரு பழகிய உபாயம் உண்டு. புதிய உள்ளடக்கத்தைத் தற்காலிகக் கோப்பில் முழுமையாக எழுதி, அது வட்டிற் பதிவானதை உறுதிசெய்து, அதன்பின் அதற்குப் பழைய கோப்பின் பெயரை இடுவர். ஒரே கோப்பு முறைமையினுள் அப்பெயர்மாற்றம் பிறர் பார்வைக்கு ஒரே கணத்தில் நிகழ்வதாகும். அப்பெயரில் பழையது இருக்கும், அன்றேல் புதியது இருக்கும். நான் எடுத்துக்கொண்ட நூலகத்தின் இடம்பெயர்த்தற் செயல் அத்தகையதன்று. சேருமிடத்தில் முன்னரே கோப்பு இருப்பின் அதனை முதலில் அழிக்கின்றது. இரு முனைகளும் ஒரே கோப்பு முறைமையைச் சேர்ந்தனவாயின் பெயரை மாற்றுகின்றது. அல்லாவிடின் படியெடுத்து, மூலத்தை நீக்குகின்றது. படியெடுக்கும்போது இணைப்பு அறுந்தால், பழைய பக்கம் இருந்த இடத்தில் அரைகுறைக் கோப்பே எஞ்சக்கூடும். கட்டளைச் சொல் ஒன்றாயினும் அது தரும் உறுதி இடத்துக்கிடம் வேறுபடுகின்றது.

ஆதலால், எந்தப் பக்கத்தின் மீதும் மேலெழுதாத முறையைக் கைக்கொண்டேன். புதிய வடிவம் புதுப்பெயரில் எழுதப்படும், மீள வாசித்து மூலத்துடன் ஒப்பிட்டபின்னரே அது நடைமுறை வடிவமெனக் குறிக்கப்படும், பழையது அழியாதிருக்கும். சிப் பொதிகளை இந்நூலகம் வாசிக்க மட்டுமே விடுவதால், எழுதும் வல்லமை உண்டோ என அதனிடமே முதலில் வினவுமாறும் செய்தேன். அவ்வாறு வினவுதற்கு நூலகத்தை ஆக்கியோரே வழி வைத்துள்ளனர்.

ஜிம் வால்டோவும் சன் ஆய்வுகூடத்து அவர்தம் சகாக்களும் 1994 இல் வெளியிட்ட கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் ஒன்றெனக் கொள்ளும் வடிவமைப்பு நிலைக்காது என அவர்கள் வாதிட்டனர். தாமதமும், ஒரு பகுதி மட்டும் செயலிழக்கும் நிலையும் எத்துணைத் திறமையான இடைமுகத்தாலும் மறையா என்பது அவர்தம் காரணங்களுள் அடங்கும்.

இத்தகைய நூலகங்களை விலக்குதல் வேண்டும் என்பது என் கருத்தன்று. அவை இன்றேல் ஒரே வேலையைப் பன்முறை செய்து அலுத்துப்போவோம். எனினும், அவற்றைக் கையாளும் மாணவர் ஒவ்வொரு களஞ்சியமும் எதனை உறுதியளிக்கின்றது, எதனை அளிக்கவில்லை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக. மீளப் பெறமுடியாத பொருள்களைப் பேணுவோர்க்கு அத்தாள் செய்நிரலின் முதற் பக்கமாகும்.