கோல் காத்த கைகள்

தோட்டத்துத் திடலில் நாங்கள் பந்து விளையாடிய நாளில் கோல் காக்க யாரும் முன்வர மாட்டோம். கோல் போடுபவனுக்குத்தானே கைதட்டல்! கிள்ளான் துறைமுகத்து ஆர். ஆறுமுகத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் அந்த இடத்துக்குப் போட்டி வந்தது. நீண்ட கைகளால் பந்தைத் தடுத்த அவரை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தது.

1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். பின்னால் கோல் காத்தவர் ஆறுமுகம். ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் நாடு போகவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதற்காக அவர் ஆட்டத்தை விடவில்லை.

1988-இல், 35 வயதில், சாலை விபத்து அவரைப் பறித்தது. உங்கள் பிள்ளை கோல் காக்க நின்றால் அவனுக்கும் கைதட்டுங்கள்.